மாலை போட்டபின் 41 நாள்: வேலைக்கும் போய்க்கொண்டு ஐயப்ப விரதத்தைக் காப்பது எப்படி

கார்த்திகை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே எங்கள் குழுவில் முதல் தடவை மாலை போடுகிற கன்னிசாமிகளின் கேள்விகள் ஆரம்பித்துவிடும். எந்த வழியாகச் சபரிமலை ஏறுவது, எத்தனை மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "ஷிஃப்ட் வேலை சாமி, கேன்டீன் சாப்பாடு, ரூமில் கூட இருக்கிறவன் எல்லாம் குடிக்கிறவன், என்னால் விரதம் இருக்க முடியுமா?"

முடியும். பதினொரு வருஷமாக ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிஃப்டும் பார்த்துக்கொண்டுதான் நான் மாலை போடுகிறேன். மலை ஏறுவது ஒரு நாள் சிரமம். அதற்கு முன்னால் இருக்கிற 41 நாளும் அதே ஊரில், அதே நண்பர்களுக்கு நடுவில், அதே டீக்கடை வாசலில் கழிய வேண்டும். உண்மையான ஏற்றம் அங்கேதான் இருக்கிறது, அதனால் இதில் மலையைப் பற்றிக் கொஞ்சமாகவும் அந்த 41 நாளைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

மாலை போடுவதற்கு முன்

முதலில் நாள் கணக்கு. ஒரு மண்டலம் 41 நாள். கார்த்திகை 1, அதாவது நவம்பர் 16 அல்லது 17 அன்று மாலை போட்டால், டிசம்பர் 26, 27 வாக்கில் மண்டல பூஜை சமயத்தில் கணக்கு முடியும். மகர விளக்குக்குப் போகிறவர்களுக்கு ஜனவரி நடுவரை நீளும். டிசம்பர் முதல் வாரத்திலேயே தரிசனத்துக்கு ஆன்லைனில் இடம் கிடைத்திருக்கிறது என்றால் பின்னாலிருந்து எண்ணி ஐப்பசியிலேயே மாலை போட்டுவிட வேண்டும். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் மாலை போட்டுக்கொண்டு போகிற வழக்கம் இப்போது பெருகிவிட்டது. அவர்களை நான் தடுக்கப் போவதில்லை, ஐயப்பன் யாரையும் திருப்பி அனுப்புவதும் இல்லை. ஆனால் முதல் தடவை போகிற உங்களுக்கு நான் சொல்வது, 41 நாள் முழுசாக இருங்கள், இல்லையென்றால் அடுத்த வருஷம் போங்கள்.

அடுத்து குருசாமி. பல வருஷம் மலைக்குப் போனவர், உங்கள் தெருவிலோ பக்கத்துக் கோயிலிலோ நிச்சயம் ஒருவர் இருப்பார். நீங்கள் ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணினாலும் எடுத்துப் பேசுகிறவராக இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள், ஏனென்றால் அந்த மாதிரி நேரத்தில்தான் அவர் தேவைப்படுவார்.

உடம்பை மறந்துவிடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விரதம் என்று சொல்லி மாத்திரையை நிறுத்தக் கூடாது, மலையேற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும் வேண்டும். இன்னொன்றும் யாரும் வெளிப்படையாகச் சொல்லாததால் சொல்கிறேன். தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் மாலை போட்ட அன்று திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், தூக்கமின்மை, சில பேருக்கு வலிப்புகூட வரும். இதை சாமி குற்றம் என்று நினைத்துப் பயந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சாமி குற்றம் இல்லை, உடம்பு பழகிய விஷத்தைத் தேடுகிறது. அப்படிப்பட்டவர்கள் ஒரு மாதம் முன்னாலேயே மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி நிறுத்திவிட்டு, பிறகு மாலை போடுங்கள்.

கடைசியாக வீடு. மாலை போடுகிறது நீங்கள், ஆனால் விடியற்காலையில் எழுந்து தலைக்குக் குளித்துச் சமைக்கிறது உங்கள் மனைவியோ அம்மாவோ. அவர்களிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் கறுப்பு வேட்டியை நீங்களே துவைத்துக்கொள்ளுங்கள், பூஜை அலமாரியை நீங்களே துடையுங்கள். மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வது என்று பலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். குழுவுக்குக் குழு வழக்கம் மாறும். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் இடம் மாறுகிறவன் நான்தான், கோயில் மண்டபத்திலோ குருசாமி வீட்டிலோ படுத்துக்கொள்வேன், சாப்பாட்டை நானே பொங்கிக்கொள்வேன். நான் எடுத்த விரதத்துக்காக வீட்டில் இன்னொருத்தர் ஒதுங்கி உட்கார வேண்டும் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடிந்ததே இல்லை.

மாலை

துளசி மணி அல்லது உருத்திராட்சம், 54 மணியோ 108 மணியோ, நடுவில் ஐயப்பன் டாலர். கூடவே ஒரு துணை மாலையும் வாங்கிக்கொள்ளுங்கள், மிஷினில் மாட்டியோ தூக்கத்தில் இழுபட்டோ ஒன்று அறுந்துபோனால் மனசு கலங்காமல் இருக்கும். கோயிலில் குருசாமி கையால் போட்டுக்கொள்வது வழக்கம், அம்மா கையாலும் போட்டுக்கொள்ளலாம். அந்த நிமிஷத்திலிருந்து உங்கள் பெயர் போய்விடும். எல்லாரும் உங்களை சாமி என்பார்கள், நீங்களும் எல்லாரையும் சாமி என்பீர்கள், பெண்களை மாளிகைப்புறம் என்பீர்கள். சன்னிதானத்தில் 'தத்வமஸி' என்று எழுதியிருக்கும், 'நீயே அது' என்று அர்த்தம். அதை மலையில் போய்ப் படிப்பதற்கு முன்னால் 41 நாள் வாயால் சொல்லிப் பழகுகிறோம்.

ஒரு நாள் எப்படிப் போக வேண்டும்

சூரியன் வருமுன் பச்சைத் தண்ணீரில் குளியல், சந்தனம், விளக்கு, சரணம். சாயங்காலம் மறுபடி அதே. முகச் சவரம் இல்லை, முடி வெட்டுவது இல்லை, செருப்பு இல்லை, பாயில் படுக்கை, பிரம்மச்சரியம். கறுப்பு, நீலம் அல்லது காவி.

நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் குழம்ப வேண்டாம். வேலை முடிந்து காலையில் வந்ததும் குளித்துப் பூஜை செய்துவிட்டுப் படுங்கள், சாயங்காலம் கிளம்புமுன் இன்னொரு தடவை. வெறுங்காலோடு நடப்பது விரதம்தான், ஆனால் ஃபேக்டரிக்குள் சேஃப்டி ஷூ போட வேண்டிய இடத்தில் போட்டே ஆக வேண்டும். கேட் வரைக்கும் வெறுங்கால், உள்ளே ஷூ, வெளியே வந்ததும் மறுபடி வெறுங்கால் என்று நான் வைத்திருக்கிறேன். தாடிக்கும் கறுப்புச் சட்டைக்கும் மேலதிகாரியிடம் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போய்க் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், சொல்லாமல் போய் நின்றால்தான் பிரச்சினை.

சாப்பாடு

அசைவம் இல்லை, முட்டை இல்லை, வீட்டில் குளித்துவிட்டுச் சமைத்தது என்பது பொதுவான விதி. வெங்காயம், பூண்டு விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள், உங்கள் குருசாமி சொல்வதைப் பிடித்துக்கொள்ளுங்கள், பத்துப் பேரிடம் கேட்காதீர்கள்.

கேன்டீனில் சிக்கல் கரண்டியில் இருக்கிறது. முட்டைக் குழம்பில் போட்ட கரண்டியே சாம்பாருக்கும் வரும். அதனால் டப்பா கட்டிக்கொண்டு போவதுதான் ஒரே வழி. ரூமில் தனியாக இருக்கிறவர்கள் ஒரு சின்ன குக்கர், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிக்கொண்டால் போதும், பருப்பும் சாதமும் ஒரு பொரியலும் அரை மணி நேர வேலை. தட்டு, டம்ளர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு, ராத்திரி பலகாரம் என்று வைத்தால் இன்னும் சுலபம். பேக்கரி பண்டங்களில் முட்டை எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, 41 நாளைக்கு விட்டுவிடுங்கள்.

இங்கே என் முதல் வருஷத்துக் கதையைச் சொல்லியாக வேண்டும். மாலை போட்டுப் பன்னிரண்டாவது நாள் கூட வேலை பார்க்கிறவருக்குப் பதவி உயர்வு, எல்லாரையும் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப் போனார். எனக்காக வெஜ் ஃப்ரைடு ரைஸ் தனியாகச் சொன்னார்கள். நல்ல பசி. நாலாவது வாயில் ஒரு மஞ்சள் துண்டு தட்டுப்பட்டது, மெத்தென்று. நாக்குக்கே தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் கையை உதறி எழுந்தால் அழைத்தவர் முகம் வாடும், சர்வரைத் திட்டுவார்கள், மேஜையில் எல்லாரும் என்னையே பார்ப்பார்கள் என்று ஒரு நொடிக்குள் எல்லாம் ஓடி, நான் அதை விழுங்கிவிட்டேன். மிச்சத்தையும் கொஞ்சம் சாப்பிட்டேன்.

நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் சரணம் சொல்ல உட்கார்ந்தால் இருபதுக்கு மேல் வாய் வரவில்லை. ஐந்தாவது நாள் குருசாமியிடம் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. "தெரியாம சாப்பிட்டியா, தெரிஞ்சு சாப்பிட்டியா சாமி?" என்று மட்டும் கேட்டார். தெரியாமல்தான் என்று சொல்லியிருந்தால் தலைக்குக் குளித்து 108 சரணத்தோடு முடிந்திருக்கும், அது எனக்கும் தெரியும். விழுங்கும்போது தெரியும் சாமி என்றேன். குளித்துவிட்டு வரச் சொல்லி, அன்றிலிருந்து முதல் நாள் என்று எண்ணச் சொன்னார். குழு டிசம்பர் கடைசியில் நான் இல்லாமல் போய் வந்தது. நான் தை பிறக்கும் நேரத்தில் வேறொரு குழுவோடு போனேன்.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்கு இல்லை. சுற்றியிருப்பவர்கள் யாரும் அன்று என்னைக் கெடுக்கவில்லை, பாவம், எனக்காகத் தனியாக வாங்கிக் கொடுத்தார்கள். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்கிற என் கூச்சம்தான் விழுங்க வைத்தது. வெளியிலிருந்து வருகிற இழுப்பு பெரும்பாலும் இப்படி அன்பான முகத்தோடுதான் வரும், அதனால்தான் அடையாளம் தெரிவதில்லை.

நண்பர்கள், கல்யாணம், போன்

குடிக்கிற நண்பர்களை விட்டு விலக வேண்டுமா என்று கேட்பார்கள். 41 நாளைக்கு அவர்கள் குடிக்கிற இடத்தை விட்டு விலகுங்கள், அவர்களை விட்டு இல்லை. டீக்கடையில் பார்த்தால் பேசுங்கள். "சும்மா கூட வந்து உட்காரு, நீ சோடா குடி" என்பார்கள், அங்கே மட்டும் போகவே வேண்டாம். வாரா வாரம் சனிக்கிழமை ராத்திரி அந்த நேரம் காலியாக இருக்கும், அதுதான் ஆபத்தான நேரம், அதை முன்கூட்டியே நிரப்பிவிடுங்கள். பக்கத்தில் எங்காவது ஐயப்ப பஜனை நடக்கும், அன்னதானத்தில் இலை எடுக்க ஆள் தேவைப்படும். முதல் வருஷம் பஜனையில் எனக்கு ஒரு பாட்டும் தெரியாது, கையை மட்டும் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.

புகை, புகையிலைப் பழக்கம் இருப்பவர்களுக்கு முதல் வாரம்தான் மோசம். அந்த நேரத்தில் வாயில் ஒரு கிராம்பு போட்டுக்கொண்டு, மெதுவாகச் சரணம் சொல்லிக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.

கல்யாணத்துக்குப் போகலாம், மொய் வைத்து வாழ்த்திவிட்டு வரலாம். துக்க வீட்டுக்குப் போகக் கூடாது என்பது வழக்கம். ஆனால் நெருங்கிய ரத்த உறவில் சாவு என்றால் மாலையைக் கழற்றிவிட்டு, செய்ய வேண்டிய காரியத்தைச் செய்யுங்கள், அந்த வருஷம் மலை கிடையாது. இதில் மனக்கசப்பே வேண்டாம். அப்பாவுக்குக் கொள்ளி வைக்காமல் காப்பாற்றுகிற விரதத்தை எந்தச் சாமியும் கேட்டதில்லை.

போன். எனக்கு இப்போது இதுதான் பெரிய சோதனை. வாயில் அசைவம் படாமல் பார்த்துக்கொண்டு, பாயில் படுத்துக்கொண்டு, ராத்திரி ஒரு மணிவரை கண்ட வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தால் அந்தப் பாய்க்கு என்ன அர்த்தம்? சாயங்காலப் பூஜைக்குப் பிறகு போனைப் பூஜை அலமாரிக்குக் கீழே வைத்துவிடுகிறேன், வேலை அழைப்பு வந்தால் எழுந்துபோய்த்தான் எடுக்க வேண்டும். அந்த நாலடி தூரம் பெரிய காவல்.

கோபமும் சேர்த்துதான். மாலை போட்ட சாமி பஸ்ஸில் சில்லறைக்காகக் கண்டக்டரிடம் கத்துவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கெட்ட வார்த்தை பழகிய வாய்க்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. வாய்வரை வந்துவிட்டால் அதைச் 'சாமி சரணம்' என்று முடித்துவிடுங்கள். முதல் பத்து நாள் செயற்கையாக இருக்கும், அப்புறம் தானாக வரும்.

மற்ற மதத்துக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சுத்தமாக இருக்கிறோம் என்ற நினைப்பு வந்ததும் அடுத்தவர் தீட்டு என்ற நினைப்பும் பின்னாலேயே வந்துவிடும், ஜாக்கிரதை. மலைக்குப் போகிற வழியில் எரிமேலியில் பேட்டை துள்ளி ஆடுகிற சாமிமார் வாவர் பள்ளிவாசலை வலம் வந்துவிட்டுத்தான் மேலே நடக்கிறார்கள். ஐயப்பனின் தோழர் வாவர். ரூமில் உங்களோடு இருக்கிற முஸ்லிம் நண்பரோ கிறிஸ்தவ நண்பரோ உங்கள் விரதத்துக்குத் தடை இல்லை. என் எதிர்வீட்டில் ஒரு கிறிஸ்தவ அக்கா இருக்கிறார், வருஷா வருஷம் நான் மாலை போட்டதும் மீன் வறுக்கும்போது எங்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவார். நான் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது.

தவறு நடந்துவிட்டால்

ஒளிக்காதீர்கள். தெரியாமல் நடந்தது என்றால் குளித்து, விளக்கேற்றி, சரணம் சொல்லி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லிக் கேளுங்கள், அந்த வேண்டுதலே நம் பூஜையில் தினமும் இருக்கிறது. தெரிந்தே நடந்தது என்றால் குருசாமியிடம் போங்கள். ஒரு தடவை சறுக்கிவிட்டோம், இனி என்ன என்று மொத்தமாக விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இருமுடி

இருமுடி கட்டுகிற கட்டுநிறை அன்று வீடே கோயில் மாதிரி ஆகிவிடும். நெய்த்தேங்காயை முந்தின நாளே தயார் செய்யுங்கள். நார் முழுக்க உரித்து மேல் ஓடு வழவழவென்று ஆகும்படி தேய்த்து, மூன்று கண்ணில் ஒன்றை மட்டும் திறந்து, இளநீரைச் சொட்டு இல்லாமல் வடித்துவிட்டு உள்ளே காய விட வேண்டும். அப்புறம் பசு நெய்யை இளஞ்சூட்டில் உருக்கிச் சரணம் சொல்லிக்கொண்டே ஊற்றுவது. வாய் சின்னது, நெய் நூல் மாதிரி இறங்கும், அவசரப்பட்டால் வெளியே வழியும். வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு கரண்டி ஊற்றுவார்கள். நிறைந்ததும் கார்க் வைத்து அடைப்பார்கள். தேங்காய் உடம்பு, நெய் உயிர் என்பார் எங்கள் குருசாமி. மேலே போய் உடைத்து நெய்யை அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு, மூடியைக் கோயில் முன்னால் எரிகிற ஆழி நெருப்பில் போட்டுவிடுவோம்.

முன்முடியில் சாமிக்கான பொருள்கள், பின்முடியில் உங்களுக்கானவை. பிளாஸ்டிக் உறை எதுவும் வேண்டாம், அரிசியைச் சின்னத் துணிப் பையில் கட்டுங்கள். கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் பாட்டிலைத் தவிர்க்கச் சொல்லிக் கோயிலை நிர்வகிக்கிற தேவஸ்வம் போர்டே கேட்டுக்கொண்டிருக்கிறது. மலை இருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். நாம் எறிகிற உறையை யானை தின்கிறது.

கிளம்பும்போது வாசலில் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பது வழக்கம், போய் வருகிறேன் என்றும் சொல்வதில்லை. முதல் வருஷம் பின்னால் என் மகள் "அப்பா" என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. நடந்தேன்.

வழியும் மலையும்

வேன் பயணத்தில் ஒன்று முன்பே பேசி முடித்துவிடுங்கள்: வண்டிக்குள் குடி, புகை, சீட்டு கிடையாது, டிரைவருக்கும் சேர்த்து. ராத்திரி அவரைத் தூங்கவிடுங்கள். 40 நாள் காத்த விரதத்தைக் கடைசி நாள் வேனுக்குள் தொலைத்தவர்கள் உண்டு. மண்டல, மகர விளக்குக் காலத்தில் வண்டியை நிலக்கல்லில் விட்டுவிட்டு அரசுப் பேருந்தில் பம்பைக்குப் போக வேண்டும்.

பம்பையில் குளியுங்கள். கட்டியிருந்த துணியை ஆற்றில் விடுவது சடங்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி ஒரு ஐதீகமே இல்லை, கேரள உயர்நீதிமன்றமும் அதைத் தடுத்திருக்கிறது. நீலிமலையும் அப்பாச்சிமேடும் செங்குத்து. நெஞ்சு அடைத்தால் உட்காருங்கள், வழியில் ஆக்சிஜன் பார்லரும் மருத்துவ மையமும் இருக்கின்றன, வெட்கப்படாமல் போங்கள். பதினெட்டுப் படியில் இருமுடி தாங்கியவர்கள் மட்டுமே ஏற முடியும். அந்தப் படியில் உங்களுக்குக் கிடைப்பது சில நொடிதான், மேலே சன்னிதியிலும் அப்படித்தான். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு அவ்வளவுதானா என்று கன்னிசாமிகள் ஏமாந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் நான் முன்பே சொல்லிவிடுவேன், வேண்டுதலை வரிசையில் நிற்கும்போதே சொல்லி முடித்துவிடுங்கள், படியேறி நின்றதும் ஒன்றும் கேட்காமல் பாருங்கள்.

1950ல் இந்தக் கோயில் தீயில் எரிந்தது. அடுத்த வருஷம் பிரதிஷ்டையான புது பஞ்சலோக விக்கிரகத்தை, அதற்கு முன்னால் தமிழ்நாட்டு ஊர்களுக்கு ஊர்வலமாகக் கொண்டுவந்தவர் நீதிக்கட்சித் தலைவர் பி.டி.ராஜன். நாடகக் கலைஞர் நவாப் ராஜமாணிக்கம் ஊர் ஊராக ஐயப்பன் நாடகம் போட்டார். நம் தெருக்களில் கறுப்பு வேட்டி இத்தனை பெருகியதற்கு அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. முன்னே நிற்கும்போது எனக்கு அந்த ஊர்வலம் நினைவுக்கு வரும், சாமியே நம் ஊருக்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போனவர் என்று.

மாலை கழற்றிய பிறகு

திரும்பி வந்து வாசலில் தேங்காய் உடைத்து, குருசாமியோ அம்மாவோ மாலையைக் கழற்றுவார்கள். பாலில் நனைத்துத் துடைத்து ஐயப்பன் படத்துக்குப் போடுங்கள், அடுத்த வருஷம் இதே மாலைதான்.

அன்று ராத்திரியே பாட்டிலைத் திறக்கிற ஒரு கெட்ட பழக்கம் பல குழுக்களில் இருக்கிறது, கழற்றுகிற நேரத்தையே அதற்காகச் சாயங்காலமாக வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு முதல் நாளே வரமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். காலையிலேயே மாலையைக் கழற்றிவிட்டு, பகல் முழுக்கப் பிரசாதம் கொடுக்கிற வேலையை வைத்துக்கொள்ளுங்கள். நெய்யும் அரவணைப் பாயசமும் யார் யாருக்கு என்று பட்டியல் போடுங்கள். சமைத்துப் போட்டவர்கள், ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்தவர், ரூம் நண்பர், எல்லாரும் அதில் இருக்க வேண்டும். விடிகாலைக் குளியலையோ சாயங்கால விளக்கையோ, ஏதாவது ஒன்றை மட்டும் நிறுத்தாமல் தொடருங்கள். நான் போனை அலமாரிக்குக் கீழே வைப்பதைத் தொடர்கிறேன்.

எதிர்வீட்டு அக்காவுக்கு அரவணை டப்பாவை என் மகள்தான் கொண்டுபோய்க் கொடுப்பாள். மறுநாள் காலையில் அந்த ஜன்னல் திறந்திருக்கும்.